ஆட்காவலும் நிலக்காவலும்: அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தின் காப்பு முறைகள்

கிளித்தட்டு மறித்தவர் எவரும் அறிந்த இடர் ஒன்றுண்டு. கோடு நீண்டது, மறிப்பவன் ஒருவன். கோட்டின் ஒரு முனையிலே ஒருவன் இறங்குவான் போலக் குனிகின்றான். மறிப்பவன் அப்பக்கம் பாய்கின்றான். அக்கணமே மற்றை முனையால் இன்னொருவன் இறங்கிவிடுகின்றான். இருவரையும் ஒருங்கே தொடுதல் ஒருவனுக்கு இயலாது. ஆதலின் மறிப்பவன் முன்னே எழும் வினா 'எவனைத் தடுப்பது' என்பதன்று; 'எவனை விடுவது' என்பதேயாம். நடுக்கோட்டின் வழியே கிளி விரைந்து வந்து ஒரு பாதியை அடைத்துக் கொடுக்கும்வரை அவ்வினாவுக்கு நல்விடை இல்லை. சில ஊர்களில் தாச்சி என வழங்கும் இவ்வாட்டத்தைக் குடாநாட்டு மணலிலே ஆடி வளர்ந்து, பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியோர் பலர். அங்குள்ள ஒடுங்கிய ஒழுங்கைகளில் தட்டுக் கீற இடமில்லை. ஆயினும் அவ்வினாவை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வினாவையே ஒரு கல்வியாக வளர்த்தோர் ஐக்கிய அமெரிக்காவிலே உளர். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இலையுதிர் காலந்தோறும் ஆடும் அமெரிக்கப் பந்தாட்டத்தில், எதிரணியார் எறியும் பந்து அவர்தம் கைசேராது தடுத்தற்குரிய காப்பு முறைகள் தனியொரு கலையாகவே விரிந்துள்ளன. புறத்தே நின்று நோக்குவார்க்கு அவை எண்ணிறந்தனபோலத் தோன்றும். உண்மையில் அவை யாவும் இரு வேர்களினின்று கிளைத்தவை. ஒன்று ஆளைக் காத்தல். மற்றொன்று நிலத்தைக் காத்தல். எம்முறையை மேற்கொள்ளினும் எங்கோ ஓரிடம் காவலின்றி ஒழியும். அவ்விடம் எது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும் அணி நன்கு காக்கும் அணி. எதிரி அதைத் தேர்ந்தெடுக்க விடும் அணி தோற்கும் அணி.

அமெரிக்கப் பந்தாட்டம் கொழும்பு வாசகர்க்குப் பழக்கமானதன்று. இந்தியாவை நடுவாகக் கொண்டு 2012 ஆம் ஆண்டிலே தொடங்கிய எலீற் புட்போல் லீக்கில் 'கொழும்பு லயன்ஸ்' என்னும் பெயரால் ஓரணி இடம்பெற்றதுண்டு; எனினும் அவ்வாட்டம் இந்நாட்டில் வேர்கொள்ளவில்லை. ஆனால் அதற்குத் தாய்போன்ற றக்பியை இந்நகரம் நன்கறியும். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் பிரட்பிக் கேடயத்துக்காக 1945 முதல் பொருதும் போட்டியை அறியாத பள்ளி மாணவர் இங்கு அரியர். வெள்ளவத்தைக்கு அணித்தாயுள்ள ஹவ்லொக் விளையாட்டுக் கழகத் திடலிலே மாலைவேளைகளில் அவ்வாட்டத்தைக் கண்டு நின்றோரும் பலர். எனவே றக்பியிலிருந்து தொடங்குதலே விளக்கத்துக்கு எளிது.

றக்பியிலே பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் குற்றம். பக்கத்திலோ பின்னோக்கியோதான் எறிதல் கூடும். ஆகவே பந்து கையில் உள்ளவனே தன் அணியின் முன்னெல்லை. அவனுக்கு முன்னே நிற்கும் தன் அணியினரால் அவனுக்கு யாதொரு பயனுமில்லை. காப்போர் யாது செய்தல் வேண்டும்? தோளோடு தோள் சேர ஒரு நெடுஞ்சுவர்போல் நின்று அச்சுவரை முன்னே நகர்த்துதலே போதும். எதிரி உதைத்தனுப்பும் பந்தைப் பற்றுதற்கு ஒருவர் இருவரைப் பின்னே நிறுத்துவர். அவ்வளவே. றக்பிக் காவல் எளிதென்பது இதன் பொருளன்று. அதன் அருமை வேறு வகையினது.

அமெரிக்க ஆட்டமும் தொடக்கத்தில் இத்தகையதாகவே இருந்தது. 1869 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆந் திகதி றட்கேர்ஸ் கல்லூரியும் பிறின்ஸ்ரன் கல்லூரியும் ஆடிய ஆட்டமே அதன் முதலாட்டம் எனப்படும். அது பெரும்பாலும் உதைபந்தாட்டத்தையே ஒத்திருந்தது. 1880 களிலே யேல் பல்கலைக்கழகத்து வோல்ற்றர் காம்ப் என்பார் விதிகளைத் திருத்தி, பந்தை ஓரிடத்தில் வைத்து இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் முறையைப் புகுத்தினார். அதன் விளைவு இனிதாக அமையவில்லை. இளைஞர் கூட்டமாகத் திரண்டு, கைகோத்து, எதிரணியின் ஒரே இடத்தில் மோதி உடைக்கும் ஆட்டமாக அது மாறிற்று. கழுத்து முறிந்தும் தலை உடைந்தும் மாணவர் பலர் இறந்தனர். 1905 ஆம் ஆண்டிலே குடியரசுத் தலைவர் தியோடோர் றூஸ்வெல்ற் ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய மூன்றன் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்செய்யுமாறு வற்புறுத்தினார். அதனையடுத்து 1906 இலே, மோதலைக் குறைத்து ஆட்டத்தை விரிக்கும் நோக்கத்தோடு, பந்தை முன்னோக்கி எறிதல் விதிக்குட்பட்டதாக்கப்பட்டது. உயிர் காத்தற்கென வந்த இவ்விதியே காப்பு முறைகள் அனைத்துக்கும் பிறப்பிடம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

புதிய விதியின் வலிமையைப் பலரும் உடனே உணர்ந்திலர். 1913 நவம்பர் முதலாந் திகதி நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தார் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியை 35–13 என வென்றபோதே அது வெளிப்பட்டது. அன்று கஸ் டோரே எறிய, நியூட் றொக்னி முதலாயினோர் ஓடிச்சென்று பற்றினர். இராணுவத்தார் சுவர்போல் நின்றனர். பந்தோ சுவரின் மேலாகச் சென்றது.

இனிக் கணக்கைச் சற்று நோக்கல் வேண்டும். ஆடுகளத்தின் அகலம் 160 அடி, அஃதாவது 53⅓ யார். ஓரணிக்குப் பதினொருவர். தாக்கும் அணியிலே ஐவர் முன்வரிசையில் நின்று தடுப்போர். ஒருவன் குவாட்டர்பாக் எனப்படும் எறிவோன். எஞ்சிய ஐவரும் எறிபந்தைப் பற்றும் உரிமையுடைய ஏற்போர். காக்கும் அணியார் பொதுவாக நால்வரை எறிவோன்மேல் ஏவுவர். ஆக, எஞ்சுவோர் எழுவர். இரு அணியும் எதிர்நிற்கும் மோதுகோட்டுக்கு அப்பால் 30 யார் ஆழமான நிலத்தை மட்டும் கருதினும் அதன் பரப்பு 1,600 சதுர யார். எழுவருக்கும் அதைப் பங்கிடின் ஒருவன் தலையில் ஏறத்தாழ 228 சதுர யார் விழும். வெள்ளவத்தையிலே வீடு கட்டுவோர் இத்துணை நிலத்துக்கு எத்துணைப் பணங் கொடுப்பர் என்பதை எண்ணினால் அதன் பெருமை விளங்கும். அத்தனை நிலத்தையும் கால்நொடியில் முடிவுசெய்து ஒருவன் காத்தல் இயலாத காரியம். இயலாமையிலிருந்தே முறைகள் பிறக்கின்றன.

எழுவரும் ஒரே தன்மையினர் அல்லர். இரு பக்க ஓரங்களிலும் நிற்போர் ஓரக்காவலர். ஆட்டத்தில் மிக விரைந்து ஓடுவோர் இவர்களே. மிகப் பின்னே நிற்போர் பின்காவலர். முன்னணியினர்க்கும் பின்காவலர்க்கும் நடுவே நிற்போர் இடைக்காவலர். ஓடிவருவோனை முட்டி வீழ்த்தலும் எறிபந்தைத் தடுத்தலும் ஆகிய இரு கடமையும் இவர்க்குண்டு.

ஆட்காவல் விளங்குதற்கு எளிது. ஏற்போர் ஐவருக்கும் ஆளுக்கொரு காவலர். அவன் செல்லுமிடமெல்லாம் நிழல்போற் செல்வதே பணி. ஐவரை இவ்வாறு நிறுத்திய பின் எழுவரில் இருவர் மிஞ்சுவர். அவருள் ஒருவன் களத்தின் நடுவே மிகப் பின்னால் நின்று, எவன் தப்பினும் இறுதியில் மறிப்பான். பின்னே நிற்பவன் ஒருவன் ஆதலின் இம்முறை 'கவர் ஒன்று' எனப் பெயர்பெறும். அவனையும் முன்னே ஏவி, ஆறு பேரை எறிவோன்மேல் பாயவிட்டுப் பின்னே எவருமின்றி ஆடுதல் 'கவர் பூச்சியம்'. அது துணிவா, மடமையா என்பதைப் பந்து விழுமிடமே தீர்மானிக்கும்.

ஆட்காவலின் நன்மை, ஏற்போன் எவனும் தனித்து விடப்படான் என்பது. தீமைகள் மூன்று. காவலன் ஏற்போனிலும் மெதுவாக ஓடுபவனாயின் அக்குறையை மறைக்க வழியில்லை. ஏற்போர் இருவர் குறுக்கும் மறுக்குமாக ஓடுவாராயின் அவர்தம் காவலர் தம்முள் முட்டித் தடுமாறுவர். மூன்றாவது, கல்லூரி ஆட்டத்தில் மிகக் கொடியது: ஆளைக் காப்பவன் கண் ஆளின்மேல் இருக்கும், அவன் முதுகோ பந்தை நோக்கியிருக்கும். எறிவோன் எறியாது தானே பந்தோடு ஓடத் தொடங்கினால், பத்து இருபது யார் ஓடும்வரை காவலர் பலர் அதனை அறியார். தொழில்முறை அணிகள் பெருஞ்செல்வம் ஈந்து பெற்ற எறிவோனை ஓடவிட்டு அடிபட வைக்கப் பெரிதும் தயங்கும். கல்லூரிகளுக்கு அத்தயக்கம் குறைவு. ஆதலின் கல்லூரி எறிவோர் பலர் ஓட்டத்திலும் வல்லுநர்.

இன்னொன்றையும் இங்குக் கூறல் வேண்டும். தவறிய இடைக்காவலனைக் கூட்டம் மறைத்துவிடும். தவறிய ஓரக்காவலனை மறைப்பார் இல்லை. பந்து அவன் தலைமேலாகச் செல்வதையும், அவன் கைநீட்டி எட்டாமல் விழுவதையும் அரங்கு முழுவதும் காணும். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கு ஒன்றே இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொள்வது. அவ்வளவு பேர் முன்னே தோற்பவன் பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயது மாணவன். அவனைத் தனியே விடுவதா, துணை கொடுப்பதா, துணை கொடுப்பின் அத்துணையை எங்கிருந்து எடுப்பது என்பதே பயிற்றுநரின் கவலை.

துணை கொடுக்கும் முறையே நிலக்காவல். இதில் காவலனுக்கு ஆள் குறிக்கப்படுவதில்லை, நிலம் குறிக்கப்படும். தன் நிலத்துக்குட் புகுவோன் எவனாயினும் அவன் தன் பொறுப்பு; நிலத்தை விட்டு நீங்குவோன் அடுத்தவன் பொறுப்பு. கோட்டை விட்டு நீங்காது மறிக்கும் கிளித்தட்டுக்காரன் செய்வது இதுவே. முகம் பந்தை நோக்கியிருப்பதால் எறிவோன் ஓடினாலும் எழுவரும் உடனே காண்பர். எறிந்த பந்தின்மேல் பலர் ஒருங்கே பாய்தலும் கூடும். பாரதப் போரிலே வியூகங்கள் சக்கரம், கிரவுஞ்சம், பதுமம் என வடிவத்தாற் பெயர்பெற்றன. அமெரிக்கரோ கவித்துவம் வேண்டாது எண்ணாற் பெயரிட்டனர்: ஆழத்தில் நிற்போர் எத்தனை பேரோ அவ்வெண்ணே முறையின் பெயர்.

'கவர் மூன்று' என்பதில் ஓரக்காவலர் இருவரும் பின்காவலர் ஒருவரும் பின்வாங்கி ஆழ்நிலத்தை மூன்று கூறாக்குவர். ஒவ்வொரு கூறும் 18 யாருக்குச் சற்றே குறைந்த அகலமுடையது. எஞ்சிய நால்வர் முன்னிலத்தைப் பங்கிடுவர். கற்றற்கு எளிதாகையாலும், பின்காவலரில் இன்னொருவரை ஓட்டத்தைத் தடுக்க முன்னே அனுப்ப இடந்தருதலாலும், கல்லூரிகள் நெடுங்காலம் இதனை விரும்பிவந்தன. இதன் குறையைச் சிறுவனும் காண்பான்: நான்கு ஏற்போர் நேரே ஆழத்துக்கு ஓடினால் மூவர் நால்வரைக் காத்தல் வேண்டும். நடுவில் நிற்கும் பின்காவலனின் இருமருங்கும் இருவர் ஓடுவர். அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் பந்து மறுபக்கம் போகும். கிளித்தட்டிலே ஒரு கோட்டின் இரு முனைகளிலும் இருவர் நின்று ஏய்ப்பதும் இதுவும் ஒன்றே.

'கவர் இரண்டு' என்பதில் பின்காவலர் இருவர் ஆழ்நிலத்தைப் பாதி பாதியாகக் கொள்வர். முன்னிலத்தில் ஐவர் நிற்பர். ஓரக்காவலர் பின்வாங்காது முன்னேயே நின்று, ஏற்போனைத் தொடக்கத்திலேயே இடித்து வழிமாற்றுவர். குறுகிய எறிகளுக்கு இது நல்ல அடைப்பு. ஆயின் பின்காவலர் இருவர்க்கும் நடுவே ஆழத்தில் ஓர் இடைவெளி உண்டு. ஓரக்காவலனுக்குப் பின்னும் பின்காவலனுக்கு முன்னுமாகக் கோட்டோரத்தில் ஓர் இடைவெளி உண்டு. நடுவிடைவெளியை அடைக்க நடு இடைக்காவலனைப் பின்னோக்கி ஓடவிட்டுப் பார்த்தனர். அம்முறை 'தம்பா இரண்டு' எனத் தொழில்முறை ஆட்டத்திற் புகழ்பெற்றது. ஆனால் அவன் விட்டுச்சென்ற இடம் வெறுமையாயிற்று. ஒரு பொத்தலை அடைத்த துணி வேறோரிடத்திலிருந்து கிழித்தெடுத்ததே.

'கவர் நான்கு' என்பதில் நால்வர் பின்னே நின்று 13⅓ யார் வீதம் கால் பங்காகக் கொள்வர். ஆழத்தில் நால்வர் ஓடினும் அஞ்சவேண்டியதில்லை. முன்னிலத்தில் மூவரே எஞ்சுதலின் கோட்டோரத்துக் குறுகிய எறிகள் எளிதில் முடியும். இம்முறையின் நுட்பம் வேறிடத்தில் உளது. இரு பின்காவலரும் அதிக ஆழத்தில் நில்லாது பத்துப் பன்னிரண்டு யாரில் நின்று, தமக்கு நேரேயுள்ள ஏற்போன் தடுக்க முனைகின்றானா ஓடுகின்றானா என்று நோக்குவர். தடுக்க முனைந்தால் அது ஓட்டம் என்றறிந்து உடனே முன்னே பாய்வர். எனவே எறிக்கு நால்வர் பின்னிற்கும் அதே முறை, ஓட்டத்துக்கு ஒன்பதின்மர் முன்னிற்கும் முறையாகிவிடும். அகலப் பரந்து நின்று ஆடும் தாக்குமுறை இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே கல்லூரிகளிற் பரவியபோது காப்போர் பலர் இதனிடம் அடைக்கலம் புகுந்தமைக்குக் காரணம் இதுவே.

இவ்வளவும் தொழில்முறை ஆட்டத்துக்கும் பொது. கல்லூரிக்கே சிறப்பாக உரியதோர் இடர் நிலத்தின் அளவிலேயே உளது. பந்து ஓரத்தில் வீழ்ந்தால் அதை உள்ளே கொணர்ந்து ஒரு குறிக்கோட்டில் வைத்தே அடுத்த ஆட்டம் தொடங்கும். தொழில்முறைக் களத்தில் இடக்குறிக்கும் வலக்குறிக்கும் இடைத்தூரம் 18½ அடி. கல்லூரிக் களத்திலோ 1993 முதல் 40 அடி. அதற்கு முன் இன்னும் அதிகம். பந்து இடக்குறியில் இருக்குமாயின் இடப்புறத்தே 20 யார் நிலம், வலப்புறத்தே 33⅓ யார் நிலம். ஒரு பக்கம் ஒழுங்கை, மறுபக்கம் வயல் எனலாம். இதனாற் கல்லூரிக் காப்போர் இடம் வலம் என்று பேசுவதைக் குறைத்து, அகன்ற பக்கம், ஒடுங்கிய பக்கம் என்றே பேசுவர். ஒடுங்கிய பக்கத்தில் எல்லைக்கோடே ஒரு காவலன். ஏற்போன் அதைத் தாண்டி ஓட முடியாது. அகன்ற பக்கத்திலோ நெடுந்தூரம் எறியவேண்டும். பந்து காற்றில் நீடிக்கும். காவலனுக்கு ஓடிவர நேரமுண்டு. ஆகவே ஒரே களத்தில் இரு பாதிகளுக்கும் இரு வேறு முறைகள் வகுத்தல் அறிவுடைமை என்ற எண்ணம் எழுந்தது.

அவ்வெண்ணத்தை நெடுங்காலம் பேணியவர் ரெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் கரி பற்றேர்சன். 2000 ஆம் ஆண்டின் இறுதி முதல் 2021 வரை அங்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்த அவர், இடைக்காவலரில் ஒருவரைக் குறைத்துப் பின்காவலரில் ஒருவரைக் கூட்டினார். களத்தை இரு பாதியாகப் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பின்காவலனே அவ்வப்போது முறையை அழைக்கும்படி செய்தார். ஒரு பாதியிலே கவர் நான்கு நடக்கும். மறுபாதியிலே கவர் இரண்டு நடக்கும். பெருங் கல்லூரிகள் தேடிவராத மாணவர் பலரைக் கொண்டே அவர் இதனைச் செய்தார் என்பது கருதற்பாலது. 2011 சனவரி முதலாந் திகதி றோஸ் போல் ஆட்டத்திலே அவ்வணி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தை 21–19 என வென்று அப்பருவத்தைத் தோல்வியின்றி முடித்தது. அன்று இறுதி இரண்டு நிமிடம் எஞ்சியிருக்கையில் எண்ணிக்கையைச் சமமாக்க விஸ்கொன்சின் எறிந்த பந்தைத் தட்டி வீழ்த்தியவன் ராங்க் காடர் என்னும் இடைக்காவலன். எறிவோன்மேல் பாய முயன்று தடுக்கப்பட்ட அவன், நின்ற இடத்திலேயே துள்ளிக் கைநீட்டினான். முறைகள் அனைத்தையும் வகுத்த பின்னும் ஒருவன் கைநீளத்திலேயே ஆட்டம் முடிந்தது.

ஆட்காவல், நிலக்காவல் இரண்டையும் தனித்தனியே கண்டபின், இரண்டையும் ஒன்றாக்கிய முறையைக் காணல் வேண்டும். அது நிக் சேபன் என்பார் பெயரோடு பெரிதும் சேர்த்துப் பேசப்படுவது. 1991 முதல் 1994 வரை கிளீவ்லாந்துத் தொழில்முறை அணியிலே பில் பெலிச்செக்கின் கீழ்க் காப்புப் பயிற்றுநராக இருந்த அவர், கவர் மூன்றை நால்வர் நேரோட்டம் உடைப்பதைக் கண்டார். நிலத்தைக் காத்தால் இடைவெளியில் அடிபட வேண்டும். ஆளைக் காத்தால் விரைவோரிடம் தோற்கவேண்டும். அங்கு உருவான விடை இது: காவலன் நிலக்காவலனாகவே தொடங்குக, ஏற்போன் செல்லும் வழியைக் கண்டபின் ஆட்காவலனாக மாறுக.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஓரக்காவலனுக்கு எதிரே கோட்டோரத்தில் ஒருவனும் அவனுக்கு உட்புறமாக இன்னொருவனும் நிற்கின்றனர். வெளியே நிற்போன் ஆழத்துக்கு ஓடினால் ஓரக்காவலன் அவனோடே ஓடுதல் வேண்டும். அவன் ஐந்து யாருக்குள் உட்புறம் வெட்டினால் அவனை விட்டுவிட்டு உள்ளே நிற்போனை நோக்குதல் வேண்டும். உள்ளே நிற்போன் ஆழத்துக்கு ஓடினால் அடுத்த காவலன் அவனுக்கு உரியவன். வெளியே வளைந்தால் இருவரும் தத்தம் ஆளை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். நால்வர் நேரே ஓடின் நால்வர்க்கும் ஆள் உண்டு. எவரும் ஓடாதவிடத்து எவரும் வெற்று நிலத்தைக் காத்து நில்லார். வெற்று நிலத்தைக் காப்பதே பழைய நிலக்காவலின் வீண்செலவு. இம்முறை அவ்வீண்செலவை மிச்சப்படுத்துவது. சேபன் இதனை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் அலபாமாவுக்கும் கொண்டுசென்றார். 2003 இலே முன்னதற்கும், 2009, 2011, 2012, 2015, 2017, 2020 ஆகிய பருவங்களிலே பின்னதற்கும் நாட்டு முதன்மை கிட்டியது. அவ்வெற்றிகளுக்கு இம்முறை மட்டுமே காரணம் என்பது மிகை. நாட்டின் சிறந்த இளைஞர் பலர் அவரிடம் வந்து சேர்ந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

இதன் விலை யாது? கல்வி. பழைய கவர் மூன்றை ஒரு பிற்பகலிற் கற்பித்தல் கூடும்: 'அங்கே ஓடி நில், பந்தைப் பார்.' புதிய முறையிலோ 'அவன் இப்படிச் செய்தால் நீ இது. அப்படிச் செய்தால் நீ அது. அவன் தோழன் வேறொன்று செய்தால் நீ இரண்டையும் விட்டு மூன்றாவது' எனக் கிளை கிளையாக விரியும். கல்லூரி மாணவர் பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் விளையாட்டுக் கடமையில் ஈடுபடலாகாது என்பது 1991 முதல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. உடற்பயிற்சியும் கூட்டமும் களப்பயிற்சியும் அவ்விருபதுள் அடங்கல் வேண்டும். நாலாண்டுக்கொருமுறை அணி முழுவதும் மாறும். எனவே ஒரு முறை எத்துணைச் சிறந்தது என்பதினும், அதனைப் பதினெட்டு வயதினன் புரட்டாதி மாதத்துக்குள் பிழையின்றிக் கற்பானா என்பதே பயிற்றுநர் எடுக்கவேண்டிய முடிவு. எழுவரில் அறுவர் சரியாகவும் ஒருவன் பிழையாகவும் செய்தால், பந்து அவ்வொருவன் இடத்துக்கே போகும்.

தாக்குவோரும் இதனை அறிந்துளர். ஆதலின் ஓர் ஆட்டம் முடிந்த கணமே அடுத்ததைத் தொடங்கி, காப்போர் தம்முள் பேசிக்கொள்ள நேரமின்றிச் செய்கின்றனர். மேலும், எறியும் ஓட்டமும் ஒன்றாகத் தொடங்கும் ஆட்டங்களை அமைத்துள்ளனர். எறிவோன் ஓர் இடைக்காவலனையே நோக்கி நிற்பான். அவன் முன்னே வந்தால் அவன் விட்ட இடத்துக்கு எறிவான். அவன் பின்னே நின்றால் ஓடுவோனிடம் பந்தைக் கொடுப்பான். முன்வரிசையில் தடுப்போர் மோதுகோட்டுக்கு அப்பால் மூன்று யார் வரை செல்லக் கல்லூரி விதி இடங்கொடுக்கின்றது. தொழில்முறை விதி ஒரு யாரே கொடுக்கும். இரு யார் வேறுபாடு சிறிதுபோலத் தோன்றினும், தடுப்போர் முன்னே வருவதைக் கண்டு 'இது ஓட்டம்' என நம்பும் இடைக்காவலனை ஏமாற்ற அது போதியது. அவன் எதைச் செய்யினும் பிழையாகும்படி அமைந்த ஆட்டம் அது. இவ்வொரு விதியைக் காப்போர் வெறுத்துப் பேசுவதில் நியாயம் இல்லாமலில்லை.

இதற்கு அண்மைக்காலத்தில் எழுந்த மறுமொழி அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினின்று வந்தது. அங்குக் காப்புப் பயிற்றுநராக இருந்த ஜோன் ஹீகொக், 2017 ஆம் ஆண்டுப் பருவத்திலே முன்னணியினரை மூவராகக் குறைத்து, பின்காவலர் மூவரை ஆழத்தில் ஒரு வரிசையாக நிறுத்தினார். அப்பருவத்தில் ஒக்ரோபர் 7 ஆந் திகதி அவ்வணி, பேக்கர் மேபீல்ட் எறிவோனாக இருந்த ஒக்லஹோமாவை அதன் சொந்தக் களத்திலேயே 38–31 என வென்றது. நடுவே நிற்கும் மூன்றாவது பின்காவலனே இம்முறையின் உயிர். பந்து தொடங்கும்வரை மூவரும் அசையாது நிற்பதால், எறிவோனுக்கு வரப்போவது கவர் இரண்டா, மூன்றா, நான்கா எனத் தெரியாது. தொடங்கியபின் நடுவிலுள்ளவன் பின்வாங்கினால் ஒரு முறை. முன்னே இறங்கினால் வேறு முறை. ஓட்டமாயின் அவன் பின்னிருந்து ஓடிவந்து, தடுப்போர் கணக்கிடாத ஆளாக வந்து முட்டுவான்.

அவன் நிற்குமிடத்தையும் நகரும் வழியையும் ஒரு தாளில் வரைந்து பார்ப்பவர்க்குக் கிளியின் நினைவு வருதல் இயல்பு. கோட்டுக்காரர் தத்தம் கோட்டிலே கட்டுண்டு நிற்க, கிளி ஒன்றுதான் நடுக்கோட்டின் வழியே மேலும் கீழும் செல்லும். எந்தத் தட்டிலே எதிரி அடைபட்டானோ அந்தத் தட்டின் பாதியை அது அடைக்கும். மறிப்பவனுக்குக் காக்கவேண்டிய நீளம் பாதியாகும். இறங்குவோர் யாவரும் எதிரேயுள்ள கோட்டுக்காரனிலும் முதுகுப்புறத்துக் கிளிக்கே அஞ்சுவர். ஹீகொக் கிளித்தட்டைக் கண்டவரல்லர், காணவேண்டிய தேவையுமில்லை. ஆட்கள் சிலராய் நிலம் பெரிதாய் இருக்குமிடத்தில், எவருக்கும் கட்டுப்படாத ஒருவனை நடுவே விடுதல் எந்நாட்டார்க்கும் தோன்றும் விடையேயாம்.

இம்முறையும் ஓரிடத்தை விட்டே காக்கின்றது. மூவரே முன்னணியில் நிற்றலின் எறிவோனுக்கு நேரம் அதிகம் கிடைக்கும். மோதுகோட்டின் நடுவே ஆள்வலி குறையும். அதைக் கண்ட தாக்குவோர், சில ஆண்டுகளுக்கு முன் பழமையெனக் கைவிட்ட பருத்த உடலினரை மீண்டும் அழைத்து முன்வரிசையின் ஓரங்களிலே நிறுத்தி, நடுவே நேராக இடித்து நாலு நாலு யாராக முன்னேறத் தொடங்கியுள்ளனர். பின்காவலர் மூவரும் சில அடி முன்னே நகர்ந்து நிற்கின்றனர். அவர்களுக்குப் பின்னாலுள்ள நிலம் அச்சில அடியளவு பெருகியிருக்கின்றது. எறிவோர் அதையும் அளந்துகொண்டே நிற்கின்றனர்.